கெளுத்தியின் வயிறு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு மீன்தொட்டியில் கெளுத்தி தீனி தின்றால், அடுக்களையில் நிற்கும் அவருடைய அக்காவுக்கு ஏப்பம் வரும். கடை மதியத்தில் மூடியிருக்கும் என்பது தெரிவதைப் போலத் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். புதிதாகக் குடிவருகிறவர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும்.

வீட்டின் முன்னறைதான் கடை. கண்ணாடிக்குக் காத்திருக்கிறவர்கள் சலித்துக்கொள்ளாமல் இருக்க அவர் அங்கே ஒரு தொட்டி வைத்து, நீலச் சரளைக்கல் பரப்பி, வண்ண மீன்களை விட்டிருந்தார். அடியில் அழுக்குச் சேர்ந்ததும் ஒரு கெளுத்தியை வாங்கி வந்தார். "மேல இருக்கற மீனுங்க விட்டது கீழ விழும். அதத் தின்னுட்டு இது பாட்டுக்குக் கிடக்கும். தனியா எதுவும் போட வேணாம்" என்று மனைவியிடம் சொன்னார். உலகத்தில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்த நேரத்தில் அக்கா அடுக்களையில் சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்த்தவள், கல்யாணப் பேச்சே வராமல் அந்த வீட்டோடு தங்கிவிட்டவள், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவாள். அப்படி இரு என்று யாரும் சொன்னதில்லை. ஏன் அப்படி இருக்கிறாய் என்று கேட்டதுமில்லை. அவளுக்கும் கெளுத்திக்கும் கடைசிப் பந்தி.

மேல் மீன்கள் கெட்டிக்காரத்தனமானவை. மிதக்கும் தீனியில் ஒரு துணுக்கைக்கூடக் கீழே விடவில்லை. கெளுத்தியின் வயிறு ஒட்டிப்போயிற்று. அதே சமயத்தில் அக்காவின் வளையல்கள் முழங்கைவரை ஏறத் தொடங்கின. கூர்மையான சரளையைக் கிளறிக் கிளறி மீனின் மீசை தேய்ந்தது. கெளுத்தி ருசி பார்ப்பது அந்த மீசையால்தான். அக்காவுக்கும் நாக்கு மரத்து, சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. இந்த வகைக் கெளுத்தி அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கும், குடலாலேயே மூச்சு வாங்கிக்கொள்ளும். அக்காவும் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்புவாள். வீட்டில் அவளுக்கு வழிவிடப் பழகிக்கொண்டார்கள். ஜன்னலோரம் நாற்காலி போடுவதையும் நிறுத்தினார்கள்.

ஒருநாள் அவள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், அவள் வயிற்றிலிருந்து ஒரு நீலச் சரளைக்கல்லை எடுத்துக் கழுவித் தம்பியின் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தொட்டியில் போட்டதும் அது மற்ற கற்களோடு கலந்துவிட்டது. கடைக்காரர் அன்றே மீன் விற்றவரை அழைத்து வந்தார். அவர் குனிந்து பார்த்துக் கோபப்பட்டார். "மிச்சம் மீதி தின்னு பொழைக்கும்னு யாருங்க சொன்னது? இதுக்கும் வயிறு இருக்கு. மூழ்கற மாத்திரைத் தீனி போடுங்க. வெளக்க அணைச்சுட்டுப் போடுங்க, அப்பத்தான் மத்ததுங்க புடுங்காது. கல்ல எடுத்துட்டு மணல் கொட்டுங்க." அப்படியே செய்தார்கள். கெளுத்தி மாத்திரையின் மேல் படுத்துத் தின்றது. உள்ளே அக்கா ஏப்பம் விட்டு, கையில் எடுத்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை, அள்ளி அள்ளிப் போட்டார். மீன் ஊதிப்போய்ச் சாய்ந்து மிதந்தது, அக்கா புரள முடியாமல் கட்டிலில் கிடந்தாள். "பாசத்த இப்படியா கொட்டுவீங்க? ரெண்டு நாள் பட்டினி போடுங்க. அப்புறம் பட்டாணிய வேகவச்சு, தோலுரிச்சு, நசுக்கிக் குடுங்க" என்றார் மீன் விற்றவர். பட்டாணி தின்ற கெளுத்திக்கு வயிறு இளகியது. அக்காவும் எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதன்பின் பல வருஷங்கள் வீடு ஒழுங்காக நடந்தது. அக்கா சாப்பிட உட்காருவதையே விட்டுவிட்டாள், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. தம்பி மறக்காமல் மீனுக்கு மாத்திரை போட்டார். போட்டதும் கடமை முடிந்தது என்று டிவி முன்னால் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அக்காவுக்குச் சோறு போடுவதைவிட இது அவருக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வருவது இந்த ஓர் இடத்தில்தான்.

பிறகு கெளுத்திக்கு வயதாயிற்று, தீனியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாத்திரை மணலில் ஊறிக் கரைந்தது. பட்டாணி, வெள்ளரித் துண்டு, புழு, எதையும் தொடவில்லை. மீன் விற்றவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வயசான வயிறு. இனிமே நம்ம கையில இல்லீங்க" என்று போய்விட்டார். அக்கா சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு நடக்கவில்லை. மீன் போனால் அக்கா போய்விடுவாள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்துபோயிற்று. வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தன்னை வளர்த்தவளுக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாமல் தலை நரைத்துவிட்டதை நினைத்து அழுதார்.

"அக்கா, உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

அவள் தலையைத் திருப்பி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். "மேல் சோறுடா. பானையத் தொறந்ததும் முதல் கரண்டி, ஆவி பறக்க. அது எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்."

தம்பியின் மனைவி பானையை அப்படியே தூக்கி வந்தாள். அந்த வீட்டில் யார் தட்டிலும் ஒரு பருக்கை விழுவதற்கு முன்னால் அக்கா முதல் கரண்டியை வாங்கி, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். முன்னறையில் காத்திருந்த வாடிக்கையாளர், "சார், உங்க மீன் வயிறு உருண்டு வருது" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கெளுத்தி மணலில் நிறைந்த வயிற்றோடு படுத்து, மீசையை அசைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த மீன் எதுவும் தின்றதில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. மீன் விற்றவர் எப்போதாவது வந்து பார்த்து, செரிமானம் ஒழுங்காக இருக்கிறது என்பார். அக்கா இன்னும் அடுக்களையில்தான் நிற்கிறாள், கையில் ஏதாவது வேலை இருக்கும், பிறகு சாப்பிடுகிறேன் என்று பழைய பாட்டைப் பாடுவாள். அப்போது தம்பியின் மனைவி பானையைத் திறந்து, கரண்டியோடு காத்து நிற்பாள். "வாங்கக்கா, முதல்ல உக்காருங்க. மீனுக்குப் பசிக்கும்."