ஐந்து காகிதத் தட்டுகள்

கயலைக் கண்டுகொள்வதற்கு முன்பே என் தூக்குப் பாத்திரம்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் நாப்பாவில் ஒரு வைன் தோட்டத்து ஓக் மரத்தடியில், மர மேஜையின் நடுவே, மூடியில் என் மாமியார் பெயர் பொறித்த எவர்சில்வர் தூக்கு வெயிலில் பளபளத்தது. அதைச் சுற்றி ஐந்து காகிதத் தட்டுகள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். பெஞ்சில் கயல் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஃப்ரீமாண்ட் அபார்ட்மென்டில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்தக் கார் ராத்திரி திரும்பவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். புருஷனோடு ஒட்டி வந்த எச்-4 விசாக்காரி வேலைக்குத்தான் போகக் கூடாது. ஜன்னல் பிளைண்ட்ஸில் ஒரு பட்டையைத் தூக்கிப் பார்க்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. நீச்சல் குளத்துக்கு எதிர்ப்பக்கம் மாடியில் கயல் குடியிருந்தாள். எம்.எஸ். படிக்க வந்து ஒரு வருடம். பொள்ளாச்சியில் அவள் வீடும் எங்கள் அம்மா வீடும் அடுத்தடுத்த தெரு. ஆனாலும் முப்பத்திரண்டு வயதான என்னை வாய் நிறைய ‘ஆண்ட்டி’ என்பாள். அதை நான் மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்து பெரிய பாத்திரமாகக் கேட்டாள். “சனிக்கிழமை லேப் ஃப்ரெண்ட்ஸோட நாப்பா போறேன் ஆண்ட்டி. அஞ்சு பேருக்குப் புளிச்சோறு.”

“வைன் குடிக்கப் போற எடத்துக்குப் புளிச்சோறா?”

“அவங்க குடிப்பாங்க. நான் சோறு போடுவேன்.”

அந்த ஒரு வருடத்தில் அவள் வாசலில் பீட்சாக்காரனைத் தவிர வேறு ஆளை நான் பார்த்ததில்லை. திடீரென்று நாலு ஃப்ரெண்ட்ஸா? எனக்குத் தூக்கம் போயிற்று. ஊரிலிருந்து வந்திருந்த மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம் காட்ட வேண்டுமென்று என் வீட்டுக்காரர் பசுபதியை நச்சரித்து, அதே சனிக்கிழமை நாப்பாவுக்குக் காரைக் கிளப்ப வைத்தேன். எத்தனையோ தோட்டங்களில் அவளை எங்கே பிடிப்பது என்றிருந்தது. முதல் தோட்டத்தில் பார்க்கிங் கிடைக்கவில்லை. இரண்டாவதில் என் தூக்கு கிடைத்தது.

மாமனார் கோபாலசாமி பட்டை விபூதியோடு கொடி வரிசைகளுக்குள் இறங்கி, “இந்த மண்ணுக்கு என்ன ஒரம் போடறாங்கன்னு கேளு பசுபதி” என்று மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பூச்செடி வைத்த ஒரு பழைய பீப்பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டேன். நாலு பேரெல்லாம் கதை, எவனோ ஒருத்தன் இப்போது வருவான் என்று காத்திருந்தேன். வெள்ளைக்காரனாக இருந்தால் அந்தச் சேதி பொள்ளாச்சிக்கு ஒரு மாதம் தாங்கும்.

யாரும் வரவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு கும்பல் கண்ணாடிக் கிண்ணங்களை மோதிச் சிரித்தது. கயல் எழுந்து பார்க்கிங்கைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். ஒரு கல்லை எடுத்துத் துடைத்து, அதே தட்டில் மறுபடி வைத்தாள். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கால் வலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“என்ன கயல், எங்க உன் பட்டாளம்?”

திடுக்கிட்டாள். “வர்றாங்க ஆண்ட்டி. பாலத்துல ட்ராஃபிக்.”

“நாங்களும் அதே பாலத்துலதான் வந்தோம்.”

கொஞ்ச நேரம் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். “லேப்ல பேசிட்டிருந்தப்போ, ‘வீ ஷுட் ஆல் கோ டு நாப்பா’ன்னு அவங்கதான் ஆண்ட்டி சொன்னாங்க. சனிக்கிழமை போலாமா, நான் சாப்பாடு கொண்டாறேன்னேன். ‘சவுண்ட்ஸ் கிரேட்’டுன்னாங்க. காலைல காலேஜ் வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். ஃபோன் பண்ணினா ஒருத்தி தூக்கத்துல எடுத்து, ‘ஓ, தட் வாஸ் டுடே?’ங்கறா.”

நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான் வந்த புதிதில் கீழ்வீட்டு அம்மாள் ‘வீ ஷுட் ஹேவ் யூ ஓவர் ஃபார் டின்னர்’ என்றதை விருந்தழைப்பென்று நம்பி, பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு வைத்தவள் நான். அது தொண்ணூற்று மூன்றில். இது தொண்ணூற்றேழு. புடவை இன்னும் மடிப்புக் கலையவில்லை.

“திரும்பிப் போயிருக்கலாமே?”

“அம்மாகிட்டச் சொல்லிட்டேனே, நாப்பா போறேன்னு. அதான் நானே ஓட்டிட்டு வந்துட்டேன்.” குரலைத் தாழ்த்தினாள். “தனியாத்தான் கெடக்கறேன்னு தெரிஞ்சா டிசம்பர்ல கெளம்பி வந்துருன்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்காங்க. படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு ஆண்ட்டி. நீங்க ஊருக்குப் பேசறப்போ, எல்லாரும் வந்தாங்கன்னு சொல்லுங்களேன்.”

இத்தனை வருடத்தில் ‘சொல்லிடாதீங்க’ என்று என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு. சொல்லுங்கள் என்று கெஞ்சிய முதல் ஆள் இவள்தான்.

“ரெண்டு பசங்க, ரெண்டு பொண்ணுகன்னு சொல்லட்டுமா?”

“ஐயோ, பசங்க வேண்டாம். நாலும் பொண்ணுகளாவே இருக்கட்டும்.”

அதற்குள் மாமனார் வாசனை பிடித்து வந்துவிட்டார். “புளிச்சோறா? போடு கண்ணு” என்று ஒரு கல்லை எடுத்துக் கீழே போட்டுத் தட்டைக் கையில் வாங்கினார். பசுபதியும் உட்கார்ந்தார். நானும் ஒரு தட்டெடுத்தேன். கயல் குனிந்த தலை நிமிராமல் பரிமாறிவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டாள். அந்த ஐந்தாவது தட்டை யாரும் தொடவில்லை. கல்லோடு அப்படியே இருந்தது. மிஞ்சிய சோறு தூக்கோடு எங்கள் காரில் ஏறியது. அவளால் அதைப் பார்க்க முடியாதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் கார்டைச் சுரண்டி ஊருக்கு எண்களை அழுத்தினேன். அம்மா எடுப்பதற்கு முன்பே கயலின் அம்மா சாந்தாமணியக்கா எடுத்தார். வாராவாரம் எங்கள் அம்மா வீட்டு ஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மகள் சொல்வதில் பாதியைத்தான் நம்புவார், நான் சொன்னால் முழுதும். நான் யாரைப் பற்றியும் நல்லதாக எதுவும் சொன்னதில்லை என்பதால் வந்த மரியாதை அது.

“ஏனம்மிணி, கயலு நேத்து எங்கியோ போறேன்னாளே. கூட ஆரு போனாங்க? உள்ளதச் சொல்லு.”

“நாலு பொண்ணுகக்கா. நானே கண்ணால பாத்தேன். ஒரே சத்தமும் சிரிப்பும். நம்மாளுக மாதிரியே.”

“நெசமாலுமா?” மூச்சு விடுவது கேட்டது. “புளிச்சோறு கொண்டு போறேன்னா. பத்துச்சாம்மா?”

ஃப்ரிட்ஜில் தூக்கு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

“எங்கீங்கக்கா பத்துச்சு? அடிச்சுக்கிட்டுத் தின்னாளுக.”

மறுமுனையில் அவர் சிரித்தார். இந்தச் சிரிப்பை இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வரவழைக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பட்டையைத் தூக்கினேன். நீச்சல் குளத்தில் ஆளில்லை. எதிர் மாடியில், கயல் வீட்டின் மூடியிருந்த பிளைண்ட்ஸில் ஒரே ஒரு பட்டை மட்டும் இரண்டு விரல் அளவுக்கு உயர்ந்திருந்தது.