ஆலோசனை கூறத் தடை

செவ்வந்தியின் பிரியாணிக்குக் கேடு வந்தது தமிழ்மாறனின் வாயால்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ஆனால் அது கோர்ட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்று அவளே நினைத்ததில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் பார்த்த கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயரில் மந்தாரக்குப்பத்தில் பிரியாணிக் கடை நடத்திவந்தான் தமிழ்மாறன். பலகை, மசாலா, விலை எல்லாம் கம்பெனி சொன்னபடி. ஒப்பந்தம் முடியும்வரை வேறு பிரியாணி வியாபாரம் செய்ய மாட்டேன், செய்கிறவர்களுக்குத் துணைபோகவும் மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான். படித்துப் பார்த்தீர்களா என்று செவ்வந்தி கேட்டதற்கு, பிரியாணி விற்கப் படிப்பு எதற்கு என்றான்.

செவ்வந்தி வீட்டின் பின்கட்டில் அடுப்பு போட்டாள். சொந்தச் சேமிப்பு, சொந்தப் பெயரில் உரிமம். டவுன்ஷிப்பிலிருந்து சுரங்கத்துக்கு செகண்ட் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குச் சீரகச் சம்பா பிரியாணியைப் பார்சல் கட்டிக் கொடுத்தாள். அவளுக்கே அவளுக்கென்று அமைந்த முதல் காரியம் அது.

தமிழ்மாறன் சும்மா இருந்தானா? காலையில் அவள் அடுப்பருகே நின்று புதினா அதிகம், உப்பு கம்மி என்று யோசனை சொல்லுவான். பிறகு போய்க் கம்பெனிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் இதெல்லாம் ஒரு பிரியாணியா, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்பான். ஒருநாள் இஸ்திரிச் சட்டை போட்ட புது ஆள் ஒருவனிடமும் அதையே சொல்லி, போன் நம்பரையும் கொடுத்தான். அந்த ஆள் கம்பெனியின் புது ஏரியா மேனேஜர் ஹரி. ஹரி மரியாதையாகச் செவ்வந்தியிடம் ஒரு பார்சல் வாங்கி, ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினான்.

வக்கீல் நோட்டீஸ் வந்தது. இருவரும் பண்ருட்டிக்குப் போய் வக்கீல் பெரியநாயகியைப் பார்த்தார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால் கம்பெனி கோர்ட்டில் தடை வாங்கலாம், நஷ்டஈடு கேட்கலாம், கடையையும் பறிக்கலாம் என்று அவர் விளக்கினார். அப்படியென்றால் தன் அடுப்பை அணைக்க வேண்டியதுதானா என்று செவ்வந்தி கேட்டாள்.

"நீங்க கையெழுத்துப் போடலம்மா. உங்க கையக் கட்ட முடியாது. உங்க வூட்டுக்காரர் வாயக் கட்டலாம்" என்றார் பெரியநாயகி.

கடையில் வியாபாரம் ஓடியதால் அதை மூடக் கம்பெனிக்கும் மனமில்லை. அது கோர்ட்டில் போட்ட வழக்கில் சமாதானம் எழுதப்பட்டது. ஒப்பந்தம் முடியும்வரை, மனைவியின் தொழிலுக்குத் தமிழ்மாறன் உழைப்பாலோ பணத்தாலோ ஆலோசனையாலோ உதவக் கூடாது. ஆலோசனை என்ற சொல்லைச் செவ்வந்தி மறுபடி மறுபடி படித்தாள்.

அன்றிலிருந்து அடுப்படி அமைதியானது. அவன் வாசற்படியில் வந்து நின்று வாயைத் திறந்தால், "கோர்ட்டு" என்பாள். திரும்பிப் போய்விடுவான். அவள் மனசுக்குப் பட்டபடி புதினா விழுந்தது, உப்பு விழுந்தது. பார்சல் கூடியது. அந்த மாதங்களில் செவ்வந்தி ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். சொன்னால் ஊர் சிரிக்கும் என்று வெளியே சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஒப்பந்தம் முடிந்தது. தமிழ்மாறன் அதைப் புதுப்பிக்கவில்லை. நாளை முதல் நாம் சேர்ந்தே செய்வோம், விலையை ஏற்றுவோம், சில்லி சிக்கன் போடுவோம் என்று அடுக்கினான். செவ்வந்தி கொல்லைப்பக்கம் போய் வக்கீலுக்குப் போன் போட்டாள். அந்த ஆலோசனை விஷயத்தை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் நீட்டிக்க வழி உண்டா என்று கேட்டாள்.

பெரியநாயகி சிரித்து ஓய வெகுநேரமானது. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை, இனி உங்கள் பாடு என்றார்.

மறுநாள் காலை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தமிழ்மாறன் அடுப்படிக்கு வந்தான். செவ்வந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தீங்களே, அப்பத்தான் நான் நிம்மதியா சமைச்சிகினு இருந்தேன். வேலைக்கு வாங்க. யோசன நான் கேட்டா சொல்லுங்க."

அவன் முகம் சுருங்கியது. சட்டி, அடுப்பு, வரிசையாக அடுக்கியிருந்த பார்சல் டப்பாக்கள் எல்லாவற்றையும் பார்த்தான். கோர்ட்டு இல்லை, கம்பெனி இல்லை, திருப்பிச் சொல்ல அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"எவ்ளோ பெருசா அரியணும், சொல்லு" என்றான்.