ஏழாவது வெட்டுக்கும் எட்டாவது வெட்டுக்கும் நடுவே

முதல் ஆறு வெட்டு வரை ரத்னவேலுக்கு ஒன்றும் ஆகாது.

குவீன்ஸ்டவுனில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் இயற்பியல் ஆசிரியர். சனிக்கிழமை காலைகளில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சங்கக் கட்டடத்தில், தமிழ் மாணவர்களுக்கு ஓர் அறிவியல் வகுப்பும் எடுத்துவந்தார். பதினொரு பேர் வருவார்கள். அந்தப் பருவத்தின் பாடம் அளவு. மீட்டரில் தொடங்கி நானோமீட்டர் வரை இறங்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு காகிதப் பட்டை கொடுத்தார். நீளம் இருபத்தெட்டு சென்டிமீட்டர்.

"இதைப் பாதியா வெட்டுங்க. ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை மறுபடி பாதியா வெட்டுங்க. இருபத்தெட்டுத் தடவை வெட்டினா ஒரு நானோமீட்டர் வந்துடும்."

"அவ்வளவுதானா சார்? ஈஸி லா" என்றான் ரித்திக்.

கத்தரிக்கோல்கள் ஓடின. ஐந்தாவது வெட்டில் சிரிப்பு அடங்கியது. ஆறாவதில் முனகல்கள். ஏழாவதில் காகிதம் இரண்டு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் இருந்தது. எட்டாவதை வெட்டக் கத்தரியின் வாய்க்குள் காகிதம் நிற்கவில்லை.

அப்போதுதான் அவர் வந்தார்.

கடைசி மேசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, நீல நிற வேலை உடையில் நின்றார். மஞ்சள் தலைக்கவசத்தைக் கையிடுக்கில் வைத்திருந்தார். ரத்னவேலைப் பார்க்கவில்லை, மாணவர்களின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வகுப்பிலும் பாடம் மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அவரும் வந்துவிடுவார். மைக்ரோமீட்டருக்கு இறங்கியதும் போய்விடுவார். அதனால் ரத்னவேல் அந்த இடத்தில் மட்டும் எப்போதும் வேகமாகப் பேசிக் கடந்துவிடுவார்.

"சரி, கத்தரியை வைங்க" என்றார் அவசரமாக. "இன்னும் இருபத்தொரு வெட்டு பாக்கி இருக்கு. உங்க விரல் நகம் ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு நானோமீட்டர் வளருது. நான் இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏழெட்டு நானோமீட்டர் வளர்ந்திருக்கும்."

மாணவர்கள் தங்கள் நகங்களைப் பார்த்தார்கள். கடைசி மேசைக்குப் பின்னால் யாருமில்லை.

அந்த மனிதரின் பெயர் மருதப்பன். அரியலூர்ப் பக்கத்துக்காரர். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

ஆசிரியர் ஆவதற்கு முன்னால் ரத்னவேல் ஒரு கப்பல் பட்டறையில் சோதனையாளராக இருந்தார். கனமான இரும்புத் தகடுகளைத் தூக்க, அவற்றின்மேல் வளையங்களைப் பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சிவப்புச் சாயத்தை ஊற்றி, துடைத்துவிட்டு, வெள்ளைத் தூளை மேலே தெளிப்பார். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய சாயம் வெள்ளையில் ஒரு கோடாகக் கசிந்து வரும். பத்து நிமிடம் காத்திருந்து அந்தக் கோட்டை அளக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் பற்றவைத்ததை அரைத்து எடுத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும்.

அன்று பாரந்தூக்கி காத்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் இரண்டு முறை வந்து கத்திவிட்டுப் போனார். ரத்னவேல் நாலாவது நிமிடத்திலேயே அளவுகோலை வைத்தார். ஒன்றரை இருந்தது. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற வளையங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது பத்து நிமிடம் கடந்திருந்தது. பழக்கதோஷத்தில் ஒளிபுகும் ஒட்டுநாடாவை அந்தக் கோட்டின்மேல் அழுத்தி, தூளோடும் சாயத்தோடும் அப்படியே உரித்து, தன் குறிப்பேட்டில் ஒட்டினார். கோடு வளர்ந்திருந்த மாதிரி இருந்தது. அவர் மறுபடி அளக்கவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டார்.

பதினோராம் நாள் அந்த வளையம் பிய்ந்தது. கீழே மருதப்பன் நின்றிருந்தார்.

விசாரணையில் கயிறு கட்டிய கோணம் தவறு என்று முடிவானது. ரத்னவேலின் தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டார், ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். குறிப்பேட்டை மட்டும் தூக்கிப் போட முடியவில்லை. பை மாற்றும்போதெல்லாம் அதுவும் மாறி மாறி அவருடனேயே வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் பள்ளியிலிருந்து ஒரு நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். கணினியோடு இணைத்தால் சுவரில் படம் விழும், அதன்மேலேயே அளக்கவும் முடியும். சுஷ்மிதா மஞ்சள்தூள் கொண்டுவந்திருந்தாள். ரமீஸ் தன் பூனையின் மீசை முடி. ரித்திக் வெறும் தூசியைக் கொண்டுவந்து அது செவ்வாய்க் கிரகத்து மண் என்று சாதித்தான். எல்லாவற்றையும் அளந்தார்கள்.

"சார், நீங்க ஒண்ணும் கொண்டுவரலையா?" என்று கேட்டாள் சுஷ்மிதா.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை பைக்குள் போனது. நாடா ஒட்டியிருந்த பக்கத்தைக் கிழித்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தார்.

சுவரில் சிவப்புக் கோடு விழுந்தது, ஓர் ஆள் நீளத்துக்கு.

"என்ன சார் இது, ரத்தமா?"

"சாயம். எவ்வளவு நீளம்னு ஒவ்வொருத்தரா அளந்து பேப்பர்ல எழுதுங்க. அடுத்தவங்களுக்குக் காட்டக் கூடாது."

பதினொரு பேரும் அளந்தார்கள். அவர் தாள்களை வாங்கிப் பலகையில் எழுதினார். ஒன்று புள்ளி எட்டு. ஒன்று புள்ளி ஒன்பது. மறுபடி ஒன்று புள்ளி எட்டு. ஒருத்திக்கு மட்டும் ஒன்று புள்ளி ஏழு. சுண்ணக்கட்டி அவர் கையில் இரண்டாக உடைந்தது.

"யாருக்கும் ஒன்றரை வரலையா?"

"இல்ல சார்" என்றான் ரித்திக். "ஏன், ஆன்சர் ஒன்றரையா?"

அவர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கோட்டின் விளிம்பு உடைந்து சிவப்புத் துகள்களாகச் சிதறியது. துகள்களுக்கு இடையே வெள்ளை, வெள்ளைக்குள் மறுபடியும் சிவப்பு.

"இப்ப எங்க முடியுதுன்னே தெரியல" என்றாள் சுஷ்மிதா. "ஆனா சார், எவ்வளவு சுருக்கி அளந்தாலும் ஒன்றரைக்குள்ள வராது. நான் ட்ரை பண்ணிப் பார்த்துட்டேன்."

பசையில் சாயம் பரவியிருக்கலாம், ஒன்பது வருடத்தில் நீண்டிருக்கலாம் என்று ரத்னவேல் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். மருதப்பன் இந்த முறை சுவரோரம் நிற்கவில்லை. மாணவர்களுக்கு நடுவே, ரமீஸின் தோளுக்கு மேலாகக் குனிந்து, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவரைப் போல அவர் உதடுகள் அசைந்தன.

மைக்ரோமீட்டருக்குப் பாடம் இறங்கியும் அவர் போகவில்லை. வகுப்பு முடிந்தும் போகவில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, குவீன்ஸ்டவுன் வரை வந்தார்.

மருதப்பனின் தம்பி கோவிந்தராசுவின் எண் ரத்னவேலிடம் இருந்தது. அண்ணனின் பெட்டியை எடுக்கப் பட்டறைக்கு வந்தபோது கொடுத்த எண். அது இப்போது வேலை செய்யாது என்று நம்பித்தான் அழைத்தார். கோவிந்தராசு இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா சந்தையில் சந்தித்தார்கள். உணவுக்கடைகளில் உட்கார இடமில்லை. ஒரு தூணருகே மேசையில் ஒரு மூலை கிடைத்தது. கோவிந்தராசு தேநீர் வாங்கிவந்து வைத்தார். கட்டடவேலை, தங்கும்விடுதி, ஊரில் மழை இல்லை என்றெல்லாம் பேசிவிட்டு, "என்ன சார் விஷயம்?" என்றார்.

ரத்னவேல் சொன்னார். நாலாவது நிமிடம், நாடா, பதினொரு தாள்கள், எதையும் விடவில்லை.

கோவிந்தராசு தேநீரில் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினார். அப்புறம், "ஒன்றரைக்கும் நீங்க சொல்ற அளவுக்கும் எவ்வளவு சார் வித்தியாசம்? காட்டுங்க" என்றார்.

ரத்னவேல் இரு விரல் நகங்களைச் சேர்த்து, இடைவெளி இருந்தும் இல்லாத மாதிரி பிடித்தார்.

கோவிந்தராசு அந்தக் கையைத் தட்டிவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விசாரணையில என்ன சொன்னாங்க, தெரியுமா உங்களுக்கு? கயிறு கட்டுனது தப்புன்னாங்க. கயிறு கட்டுனது யாரு? எங்கண்ணன்தான். தன் தப்பால தானே செத்தான்னு ஊர்ல பேச்சு. ஒம்போது வருஷமா எங்கண்ணி அதைக் கேட்டுக்கிட்டு இருக்குது. நீங்க அந்த ரூம்லதான உக்காந்திருந்தீங்க?"

"இருந்தேன்."

"வாயத் தொறக்கல."

"தொறக்கல."

கோவிந்தராசு கைப்பேசியை எடுத்தார். "என்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? அவங்ககிட்டச் சொல்லுங்க."

திரையில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. மருதப்பனின் மனைவி வசந்தகுமாரி. தலையைத் துவட்டியபடி சிரித்துக்கொண்டே வந்தவர், தெரியாத முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ரத்னவேல் இரண்டாம் முறை எல்லாவற்றையும் சொன்னார். இரைச்சலில் கேட்காத இடங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது நிமிடத்தை மூன்று தடவை சொன்னார்.

"நீங்க பத்து நிமிஷம் நின்னிருந்தா அவரு இருந்திருப்பாரா?" என்றார் வசந்தகுமாரி.

"இருந்திருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியல. கோணமும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஆனா வளையம் நல்லா இருந்திருந்தா, அந்தச் சாய்வைத் தாங்கியிருக்கும்."

அந்த முகம் திரையிலிருந்து விலகியது. கொஞ்ச நேரம் ஒரு சுவரும், சுவரில் மாட்டிய நாட்காட்டியும் மட்டும் தெரிந்தன. அழுகைச் சத்தம் வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அன்னிக்கு அவரு சாப்பிட்டாரா?"

ரத்னவேலுக்குத் தெரியவில்லை. கோவிந்தராசு கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சாப்பிட்டாரு அண்ணி. எலுமிச்சஞ் சாதம். நான்தான் காலையில டப்பாவுல போட்டுக் குடுத்தேன். டப்பா காலியாத்தான் திரும்பி வந்துச்சு."

"சரி" என்றார் வசந்தகுமாரி. அப்புறம், "அந்த சாரை எழுதித் தரச் சொல்லு. எல்லாத்தையும், கையெழுத்துப் போட்டு."

ரத்னவேல் எழுதினார். ஒரு பிரதியை அதிகாரிகளுக்கும், ஒன்றைத் தன் பள்ளி முதல்வருக்கும், தமிழில் எழுதிய ஒன்றை அரியலூருக்கும் அனுப்பினார். இரண்டு முறை அழைத்து விசாரித்தார்கள். பழைய ஆவணத்தோடு அவர் வாக்குமூலம் சேர்க்கப்பட்டது, மேல் நடவடிக்கை பின்னர் தெரிவிக்கப்படும் என்று கடிதம் வந்தது. முதல்வர் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் சிலர் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மருதப்பன் வருவது நிற்கவில்லை. ரத்னவேலும் அதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் இளம்பெண்ணின் குரல்.

"நான் சங்கீதா. மருதப்பனோட பொண்ணு. நீங்க எழுதினதைப் படிச்சேன்."

"சொல்லும்மா."

"ஊர்ல பெரிய மாமா வீட்டுலயும் படிச்சுக் காட்டினேன். ஒருத்தரும் ஒண்ணும் பேசல. நான் உங்களை மன்னிக்கிறதுக்காகக் கூப்பிடல."

"தெரியும்மா."

"அப்பாவை உங்களுக்குத் தெரியுமா? பேசியிருக்கீங்களா?"

"ஒரு தடவை பேசியிருக்கேன். சாயம் கையில ஒட்டினா போகுமான்னு கேட்டார்."

"எப்படிக் கேட்டாரு?" என்றாள் சங்கீதா. "அப்படியே சொல்லுங்க. அவரு குரல் எனக்கு மறந்துபோச்சு."