ஆட்டு வருஷத்துப் பொய்

மொரிகவா வீட்டார் ஷிகேயைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், அவளுடைய அப்பா குமாசோ அவள் மை உரைக்கும் கல்லை எடுத்துக்கொண்டுபோய் ஊறுகாய்ப் பீப்பாயின் மூடிமேல் வைத்தார். கீரை நன்றாக ஊறுவதற்கு மேலே கனம் வேண்டுமாம். மலையடிவாரத்தில் குடியிருப்பவருக்குக் கல்லுக்கா பஞ்சம்? நீ எழுதிக் கிழித்தது போதும் என்று வாயால் சொன்னால் பெண் பதில் பேசுவாள். ஊறுகாய்ப் பீப்பாயோடு யார் வழக்காட முடியும்?

ஷின்ஷூ மலைநாட்டில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம் அது. குமாசோ மகளை நகரத்து மகளிர் உயர்பள்ளிக்கு அனுப்பியதைப் பார்த்து, மனிதர் முற்போக்குக்காரர் என்று ஊரில் சிலர் ஏமாந்ததுண்டு. வேளை தவறாமல் புழுவுக்கு மல்பெரி இலை போடுகிறோமே, அதன் மேல் உள்ள பாசத்தாலா? கூடு கட்டியதும் கொதிநீரில் போடத்தானே. நகரத்துக் கடைக்காரர்கள் அப்போது சான்றிதழ் வைத்திருக்கும் மருமகள்களைத்தான் தேடினார்கள். அதற்காகத்தான் படிக்க வைத்தார்.

ஷிகேவுக்கோ படிப்பு ருசித்துவிட்டது. இன்னும் ஒரே வருஷம் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் படித்தால் எங்காவது ஒரு மலைப்பள்ளியில் வேலை கிடைக்கும். தனியாக ஓர் அறை இருக்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து எழுதலாம். இந்த உலகத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான். பயிற்சிக்குப் பணமும் கட்ட வேண்டாம். விண்ணப்பத்தில் அப்பாவின் முத்திரை மட்டும் விழ வேண்டும். அந்த முத்திரை குமாசோவின் இடுப்புப் பையில் இருந்தது. அது அங்கேயே இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார்.

பள்ளியை முடிக்கும் முன்பே அவள் உள்ளூர்ப் பத்திரிகையின் மகளிர் பகுதிக்கு எழுதத் தொடங்கியிருந்தாள். முதலில் வந்தது புழு வளர்க்கும் காலத்தைப் பற்றியது. எங்கள் வீட்டில் புழு தூங்கும் நேரத்தில் பாதிகூட அம்மா தூங்குவதில்லை என்று எழுதியிருந்தாள். அது உண்மை என்பதால் ஊரில் எந்த ஆணுக்கும் பிடிக்கவில்லை. புழு வளர்ப்போர் சங்கக் கட்டிடத்தில் குமாசோவை வைத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தார்கள். மகள் பேனா பிடிக்கிறாள், இனி இவர்தான் சட்டி கழுவ வேண்டும் என்றார்கள். அந்த வாரமே குமாசோ கல்யாணத் தரகி ஒகானேயின் வீட்டுப் படியேறினார். ஒகானே கொண்டுவந்த இடம்தான் சோயா சாறு காய்ச்சி விற்கும் மொரிகவா குடும்பம்.

பெண் பார்க்க வந்த மொரிகவா மாமியார் ஷிகேயின் முகத்தைவிட விரல்களைத்தான் அதிகம் பார்த்தாள். விரலில் மைக்கறை இருந்தது. பிறகு, வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர் வைக்கும் அந்த நாட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: எந்த மிருகத்து வருஷத்தில் பிறந்தவள்?

"ஆடு" என்றாள் ஷிகே.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஆடு கட்டின எடத்துல கெடக்கும். எங்க கடையில சீட்டு எழுதணும், அதுக்கு உன் கையெழுத்து ஆகும். வேற எதையாவது எழுதணும்னு கை அரிச்சுதுன்னா சொல்லு, சோயா பீப்பாயைக் கிளறக் கட்டை தர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தாகியும் சிரித்தாள். மாப்பிள்ளை கென்சாகு மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவன் வாய் நிறைய முள்ளங்கி ஊறுகாய் இருந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். குமாசோ ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தார். ஷிகே ஆட்டு வருஷத்தில் பிறந்தவள் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் பிறந்தவள், அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும் நெருப்புக் குதிரை வருஷம். அதில் பிறந்த பெண் கட்டியவனைத் தின்றுவிடுவாள் என்பது இந்த நாட்டில் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல உறுதி. பனி விழத் தொடங்கிய கார்த்திகைக் குளிரில் பிறந்தவளைக் குமாசோ யாருக்கும் காட்டாமல் உள்ளறையில் வைத்திருந்தார். அரசாங்கத்தின் புதுவருஷம் போயிற்று. அதுவும் போதாதென்று கிழவிகள் கணக்கு வைக்கும் பழைய நாள்காட்டியின் புதுவருஷமும் போகட்டும் என்று காத்திருந்தார். அதன் பிறகுதான் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய், நேற்றுப் பெண் பிறந்தது என்று பதிந்தார். அவர் மட்டுமா செய்தார்? அந்த ஊர்ப் பதிவேட்டை நம்பினால், அந்தக் குளிர்காலத்தில் அங்கே ஆண் பிள்ளைகள் மட்டும்தான் பிறந்தன. ஆட்டு வருஷம் தொடங்கியதும் பெண்களாய்க் கொட்டின. பதிவேட்டுப்படி பிறந்த அன்றே சில குழந்தைகளுக்குத் தலை நின்றது.

பொய் சொல்லத் தெரியாத ஒரே தகப்பன் ஹிசாவின் தகப்பன். உள்ளதை உள்ளபடி பதிந்தான். ஹிசா ஷிகேயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் தெருவில் போனால் பையன்கள் குதிரை மாதிரி கனைப்பார்கள். பக்கத்தில் நடக்கும் ஷிகே தலையைக் குனிந்துகொள்வாள். கேட்டு வந்த வரன்கள் வருஷத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்கள். இப்போது ஹிசா ஏரிக்கரைப் பட்டாலையில் கொதிநீரில் கைவிட்டு நூல் இழுக்கிறாள். அவளை யாரும் தேடி வருவதில்லை.

மொரிகவா மாமியாரின் சிரிப்பைக் கேட்ட அன்று ஷிகேயின் மனதுக்குள் எரிந்தது தன் கல்யாணத்தைப் பற்றிய கோபம் மட்டுமல்ல. ஒரே குளிரில் பிறந்த இருவரில் ஒருத்தி ஆடாம், ஒருத்தி குதிரையாம். மைக்கல் பீப்பாய்மேல் போன பிறகு, குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் புழுப்பரணில் ஏறி உட்கார்ந்து, அண்ணன் தாட்சுவோவிடம் கேட்டு வாங்கிய பென்சிலால் எழுதினாள். நான் நெருப்புக் குதிரை. என் அப்பா இன்றும் மூன்று கிண்ணம் சோறு தின்கிறார். என் அண்ணன் உயிரோடு இருப்பது மட்டுமல்ல, என் பங்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் திருடுகிறான். எங்கள் வீட்டு ஆண் நாய்க்குக்கூடத் தலைவலி வந்ததில்லை. இத்தனை காலம் என்னோடு குடியிருந்தவர்களை நான் தின்னவில்லை என்றால், ஹிசா யாரைத் தின்பாள்? பொய்யாகப் பதிந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றால் இந்த நாட்டில் கனைப்பதற்கு ஆள் மிஞ்சுமா? இப்படி நீளமாக எழுதி, பலமுறை அடித்துத் திருத்தி, கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள். இதைவிட நன்றாக அவள் அதுவரை எழுதியதில்லை. தாட்சுவோ படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கிழங்கு விஷயத்தை மட்டும் எடுத்துவிடு என்று கெஞ்சினான். அவனே தபாலிலும் போட்டான்.

படித்தால் ஊர் வெட்கப்படும் என்று அவள் நம்பினாள். எழுதத் தொடங்கும் எல்லோரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

நிச்சயதார்த்தச் சீர் வந்து, உலர்ந்த கணவாய் மீனும் கடற்பாசிக் கட்டும் சாக்கே மதுப் பீப்பாயும் முன்னறையில் அழகாக அடுக்கியிருந்தபோது பத்திரிகை வெளியானது. "நெருப்புக் குதிரைப் பெண்ணின் வாக்குமூலம்" என்று பத்திரிகைக்காரன் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தான். மதியத்துக்குள் ஒகானே வந்துவிட்டாள். தேநீர் வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை. சீர்ப் பொருள்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கட்டினாள். முழுசாகப் படித்தீர்களா என்று ஷிகே கேட்டாள். அது ஒன்றுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"முதல் வரி படிச்சேன் ஷிகே சான். விஷம்னு தெரிஞ்சப்புறம் சட்டியை வழிச்சா நக்குவாங்க?"

ஊரில் எல்லோரும் அந்த ஒரு வரியைத்தான் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதையே படித்துக் காட்டினார்கள். மறுநாள் தெருவில் இறங்கிய ஷிகேயைப் பார்த்துப் பையன்கள் கனைத்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் கண்டிக்கவில்லை. கடையில் மிசோ விழுது வாங்கப் போனால் கடைக்காரன் காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்னான். வீட்டில் தாகி அழவில்லை. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே, நிதானமாக, கீரை விலை சொல்வது போலச் சொன்னாள்:

"நீ அழுதா வெளிய கேட்டுருமேன்னு அந்தக் குளிரு பூரா உன் வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். அப்பவே இன்னும் கொஞ்சம் அழுத்திப் பொத்தியிருக்கணும்."

ஷிகே மீதி விறகை எடுத்து அம்மாவின் கைக்கு எட்டும்படி அடுக்கினாள்.

குமாசோ அடிக்கவில்லை. வேறு திட்டம் போட்டார். மலைக்கு அப்பால், மனைவியை இழந்த கரிச்சூளைக்காரன் ஒருவன் இருந்தான். அறுபதைத் தாண்டியவன், போகிற உயிர் எப்படியும் போகும், குதிரை வந்தால் என்ன கழுதை வந்தால் என்ன என்று சொல்லியனுப்பியிருந்தான். பனி உருகியதும் அனுப்பிவிடலாம் என்று குமாசோ முடிவு செய்தார். விண்ணப்பத்துக்கோ அந்த வாரம்தான் கடைசி.

இதற்கிடையில் தாட்சுவோவுக்கு இருமல் வந்தது. கூரையில் பனி வழிக்கப் போய் நனைந்து வந்த சாதாரணச் சளி. வருஷா வருஷம் வருவதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இப்பவா ஆரம்பிச்சுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தாட்சுவோ இருமும்போதெல்லாம் குமாசோவின் கண் ஷிகேயின் பக்கம் திரும்பியது. அவள் அதைக் கவனித்தாள். தாட்சுவோவோ, குதிரை என்னை நுனியிலிருந்து தின்கிறது என்று சொல்லிக்காட்டி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். அந்த வீட்டில் அவளோடு பேச அவன் ஒருவன்தான் மிச்சம்.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஷிகே விண்ணப்பத்தைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் விரித்தாள். அவர் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கரிச்சூளைக்காரன் வீட்டில் எழுத நிறையக் கரி கிடைக்கும் என்றார். காகிதம் ஒட்டிய தாள்கதவுக்கு அந்தப் பக்கம் தாட்சுவோ படுத்து இருமிக்கொண்டிருந்தான்.

ஷிகே எதை எழுதி மறுத்தாளோ அதையே கையில் எடுத்தாள். வேறு எதுவும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

"நான் மலை தாண்டிப் போகமாட்டேன்ப்பா. தூக்கிட்டுப் போனாலும் திரும்பி வந்துருவேன். முத்திரை குத்தலைன்னா இந்த வீட்டுலயேதான் இருப்பேன், கடைசி வரைக்கும். புருஷன் கெடைக்காத குதிரை யாரைத் தின்னும்னு ஊர்ல கேட்டுப் பாருங்க. அண்ணனுக்கு இருமல் எப்ப வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

குமாசோவின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது. கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள், வரவில்லை. அவர் இடுப்புப் பையைத் துழாவினார். முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் தோய்த்துக் குத்தினார். முதல் தடவை சரியாக விழாமல் இரண்டாம் தடவை குத்தினார். பிறகு காகிதத்தைக் கையால் நீட்டாமல் புகைக்குழாயின் நுனியால் தள்ளிவிட்டார்.

ஷிகே அதை எடுத்துக்கொண்டாள். படிக்கலாம். எழுதலாம். தனி அறை உண்டு. அவள் கேட்டது எல்லாம் அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. எழுந்து அண்ணனிடம் காட்டப் போனவள், தாள்கதவில் கைவைத்ததும் நின்றாள்.

உள்ளே இருமல் நின்றிருந்தது. தூங்கவில்லை, மூச்சு கேட்டது. அடக்கி, திணறி, மறுபடி அடக்கும் மூச்சு. ஒரு இருமல் தொண்டை வரை வந்து, வாயைப் பொத்திய கைக்குள்ளேயே அமுங்கியது.

"அண்ணா, அது சும்மா சொன்னது" என்றாள் ஷிகே. "சத்தியமா சும்மா சொன்னது."

உள்ளே படுக்கையைக் கதவை விட்டு விலக்கி, எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது.