கியர் பொக்ஸ் இறக்கிய ஞாயிறு

துரு மறுபடியும் கண்ணில் விழுந்தது. நிரஞ்சலா தலையைத் திருப்பித் தோளில் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கையால் தேய்க்க முடியாது, முழங்கை வரைக்கும் எண்ணெய். காரின் அடிவயிற்றுக்கும் அவள் மூக்குக்கும் இடையில் ஒரு சாண் இருக்கலாம். விரித்திருந்த உரச்சாக்கையும் மீறி நிலத்தின் ஈரம் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஒரு கட்டையில் சாய்த்து வைத்திருந்த போனில் அவள் கணவன் தயாபரன் தலைகீழாகத் தெரிந்தான். கத்தாரில் அவன் வேலை செய்யும் கராஜில் காலை வேலை நடந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார் லிப்டில் ஏறி ஆளுயரத்துக்கு மேலே நின்றது. அதன் அடியில் ஒருவன் குனியாமல், நிமிர்ந்தபடி நடந்து போனான்.

"மேல ரெண்டு போல்ட் இருக்கும் பாரு. கைய நல்லா எக்கி விடு."

"கை போகலங்க."

"போகும். எல்லாருக்கும் போகுதுதானே?"

"எல்லாரும் நின்னுக்கிட்டு வேல பாக்குறாங்க," என்றாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. வாய் பாதி திறந்தபடி படம் உறைந்து போயிருந்தது. தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பக்கம் மேகம் இறங்கினால் சிக்னல் அப்படித்தான்.

அந்தப் பழைய வேகன் காரைப் போன லீவில் வந்தபோது வாங்கியவன் அவன்தான். தொழிற்சாலை ரோட்டில் சாயங்காலங்களில் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, இந்த ஒரு கொன்ட்ராக்ட்தான், முடிஞ்சதும் வந்து கராஜ் போடலாம் என்று சொல்லிப் போனான். அவள் லைசென்ஸ் எடுத்தாள். தோட்டத்துப் பிள்ளைகளை ஹாலிஎல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள், மாசமான பெண்களை கிளினிக்குக்கு. கொழுந்து எடுக்கப் போகாமல் ஒரு வருமானமும், மற்றவர்கள் ஏறிக்கொண்டு "மெதுவா போங்க டீச்சர்" என்று விளையாட்டாய்ச் சொல்லும் ஒரு மரியாதையும் அந்தக் காரால்தான் வந்தன. போன வாரம் லயத்துக்கு இறங்கும் செங்குத்துப் பாதையின் அடியில், வீட்டு வாசலுக்கு வந்து நின்ற இடத்திலேயே, கியர் பொக்ஸ் கரகரவென்று அரைத்துப் பிறகு எந்தக் கியரும் விழாமல் போனது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு ஆட்டோக்காரன் மறுநாளே பிள்ளைகளை ஏற்றத் தொடங்கிவிட்டான். திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறோம் என்றார்கள் தாய்மார்கள். அதற்கு மேல் அவர்கள் மீதும் குறை சொல்ல முடியாது.

பதுளையில் வர்க்ஷாப் வைத்திருக்கும் நப்ரீஸ் நானா போனிலேயே கையை விரித்துவிட்டார். "அந்தப் பள்ளத்துக்கு என்ட லொறி எறங்கினா திரும்ப ஏற ஏலாது தங்கச்சி. பொக்ஸ மட்டும் எப்படியாவது கழட்டிக் கொண்டு வாங்க. ஞாயித்துக்கெழமையும் நான் இருப்பன், செஞ்சி தாறன்." கழற்றித் தருகிறேன் என்ற ஆண்கள் இரண்டு பேரும் காலையில் வரவில்லை. ஒருவன் போனையே எடுக்கவில்லை. கடைசியில் வந்தது தயாபரனின் அக்கா மாரியாயி மட்டும். பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலையில்லை.

காரை யூக்கலிப்டஸ் கட்டைகளின் மேல் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜெக்கால் முட்டுக்கொடுத்திருந்தார்கள். கியர் தடி இருந்த ஓட்டை வழியாகக் கயிற்றை இறக்கி, கியர் பொக்ஸின் வாலைக் கட்டி, இரண்டு முன் ஜன்னல்களுக்கும் குறுக்கே போட்ட இரும்புக் குழாயில் சுற்றியிருந்தார்கள். கயிற்றின் மறுமுனை, காருக்குள் சீட்டில் உட்கார்ந்திருந்த மாரியாயியின் கையில். இதெல்லாம் தயாபரன் சொல்லிச் செய்தது. காலையிலிருந்து அவன் சொல்வதும் இவள் செய்வதும், நடுவே சிக்னல் போவதும், அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டு வந்து "இன்னுமா முடியல?" என்பதுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது.

படம் மறுபடி அசைந்தபோது தயாபரனின் தோளுக்கு மேலே இன்னொரு முகம் சிரித்தது. அதே கராஜில் வேலை செய்யும் பசறைக்காரன் மாடசாமி.

"என்ன அண்ணி, காருக்கு அடியிலேயே குடியேறிட்டீங்களா? நல்லா பழகிக்கங்க. அண்ணன்தான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டாரே, இனிமே நீங்கதான் அங்க மெக்கானிக்!"

தயாபரன் அவனை முழங்கையால் தள்ளினான். படம் ஆடியது, லிப்டில் இருந்த கார் சாய்ந்து, கூரை தெரிந்து, மறுபடியும் அவன் முகம் வந்தது.

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். நிரஞ்சலா, இங்க பாரு..."

"மேல் போல்டுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பானர்?"

"அவன் ஒரு பைத்தியம். நான் சொல்றத..."

"ஸ்பானர் நம்பரக் கேட்டேன்."

"பதினேழு," என்றான்.

"அது கையில இருக்கு," என்று சொல்லி, போனை மண்ணில் கவிழ்த்து வைத்தாள்.

கோபம் கைக்குப் பலம் தரும் என்று நினைத்திருந்தாள். தரவில்லை. ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டிகள் இரும்பில் போய் இடித்தன. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. தோல் உரிந்த இடத்தில் எண்ணெய் எரிந்தது. மகளை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று அவன் போனில் பார்த்தான். அவள் அம்மாவின் சவப்பெட்டியை மூடியபோதும் போனில்தான். இனி அந்தப் பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போகும்வரை இதே தலைகீழ் முகம்தான். ஸ்பானரைத் தூக்கி அடிக்கக்கூட இடமில்லை. கையை ஓங்கினால் கார் தடுத்தது. அவள் அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ஓட்டை வழியே தெரிந்த மாரியாயியின் பாதங்களைப் பார்த்தபடி கிடந்தாள். அத்தனை சத்தமாக மாடசாமி பேசியும் மேலேயிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மதினி, ஒங்களுக்குத் தெரியுமா?"

பாதங்கள் சீட்டுக்கு அடியில் பின்வாங்கின.

"தீவாளிக்கு முன்னுக்கே சொன்னான்," என்றாள் மாரியாயி. "நான் பக்குவமா சொல்றேன், நீ வாயத் தொறக்காதன்னான்."

"நேத்து ராத்திரி என்னோட ஒக்காந்து சோறு தின்னீங்களே."

லயத்துத் தகரக் கூரையில் முதல் தூறல் விழத் தொடங்கியது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம். ஆனால் பாதி கழன்று தொங்கும் இந்த இரும்பை யாரிடம் விட்டுப் போவது? தன் நெஞ்சுக்கு மேலே தொங்குவதைப் பிடித்திருப்பது இத்தனை நாள் தன்னிடம் மறைத்த கைகள் என்பதும், வேறு கை எதுவும் வராது என்பதும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

"கயித்த கொஞ்சம் விடுங்க," என்றாள். "வால் எறங்குனா மேல இடம் கெடைக்கும்."

கயிறு மெல்ல இறங்கியது. எஞ்சின் பின்பக்கமாகச் சாய, மேலே இருட்டாக இருந்த இடத்தில் ஒரு இடுக்குத் திறந்தது. கை உள்ளே போனது. ஸ்பானரின் முனையில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, காலைக் கட்டையில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். முதல் போல்ட் டக்கென்று ஒரு சத்தம் போட்டு இளகியது. இரண்டாவதற்கு அதைவிட நேரமானது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டு, பாதையில் இறங்கிய செந்தண்ணீர் காருக்கு அடியில் புகுந்து அவள் தலைமுடியை நனைத்துக்கொண்டு ஓடியது. போன் அந்தத் தண்ணீரில் கிடந்து அதிர்ந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், பார்க்கவில்லை.

எல்லாப் போல்டும் கழன்ற பிறகும் பொக்ஸ் வரவில்லை. இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கார்தான் ஆடியது. இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து இடமும் வலமும் ஆட்டினாள். கெட்ட வார்த்தைகள் தானாக வந்தன. காருக்கா, புருஷனுக்கா, மேலே இருப்பவளுக்கா என்று பிரிக்காமல் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது ஒரேயடியாகக் கழன்றது.

கயிறு குழாயில் சர்ரென்று ஓடியது. மாரியாயி "ஐயோ" என்றாள். நிரஞ்சலா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பொக்ஸ் அவள் மார்புக்கு மேலே நாலு விரல் இடைவெளியில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் விழுந்தது.

"நகரு புள்ள," மேலேயிருந்து குரல் வந்தது. "நகந்துரு சீக்கிரம்."

அவள் பக்கவாட்டில் புரண்டு வெளியே வந்ததும் பொக்ஸ் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தது. மாரியாயி காரைவிட்டு இறங்கி, இரண்டு உள்ளங்கைகளையும் மழையில் விரித்துப் பிடித்திருந்தாள். கயிறு அறுத்த இடத்தில் தோல் சுருண்டு சிவந்திருந்தது. நிரஞ்சலா முந்தானையில் நனையாத ஒரு ஓரத்தைத் தேடிக் கிழித்து அந்தக் கைகளில் சுற்றினாள்.

"நீங்க சொல்லியிருக்கணும்," என்றாள், முடிச்சைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"எனக்குன்னு இங்க யாரு இருக்கா?"

மாரியாயி கட்டுப்போட்ட கைகளாலேயே உரச்சாக்கை விரித்தாள்.

பொக்ஸை அதில் போட்டுக் கட்டி, இரும்புக் குழாயில் கோர்த்து, தோளில் ஏற்றினார்கள். மாரியாயி நெட்டை. அவள் முன்னால் நடந்தபோது, ஏற்றத்தில், சாக்கு ஒவ்வொரு அடிக்கும் வழுக்கி நிரஞ்சலாவின் நெஞ்சில் வந்து முட்டியது. பாதி வழியில் இறக்கி வைத்து, ஒன்றும் பேசாமல் இடம் மாறிக்கொண்டார்கள். ரோட்டுக்கு வந்தபோது ஒரு பஸ் நின்றது. சாக்கிலிருந்து வடிந்த எண்ணெயைப் பார்த்துக் கண்டக்டர் விசிலடித்துவிட்டான். அடுத்ததும் அப்படியே போனது. பிறகு வெலிமடையிலிருந்து பதுளைக்குப் போகும் மரக்கறி லொறி ஒன்று, கை காட்டாமலேயே வேகம் குறைந்தது.

"அந்தக் கையோட நீங்க எதுக்கு, வீட்டுக்குப் போங்க," என்றாள் நிரஞ்சலா. மாரியாயி கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், முழங்கைகளை ஊன்றிப் பின்பக்கம் ஏறிக்கொண்டாள்.

லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். லொறி வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. ஒரு வளைவில் பொக்ஸ் சாக்கோடு மாரியாயி பக்கம் சரிந்தது. அடுத்த வளைவில் இந்தப் பக்கம் வந்தது. நிரஞ்சலா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை அதன் மேல் ஊன்றினாள். எதிரிலிருந்து இன்னொரு கால் வந்து ஊன்றியது. மழையில் வெளுத்து, எண்ணெயும் சேறும் ஒட்டிய இரண்டு பாதங்கள், திரும்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இரும்பை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தன.