பித்தப்பையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்

என் வீட்டுக்காரர் திரவியம் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்த வியாபாரி. மூட்டையில் குத்தூசி செருகி மாதிரி எடுத்துக் காட்டினால் நம்பமாட்டார். வாயைப் பிரித்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினால்தான் விலை பேசுவார். அந்தக் கிறுக்கை ஆஸ்பத்திரியிலும் காட்டுவார் என்று யார் கண்டது?

அவருக்குப் பித்தப்பையில் புற்றுநோய். ஆரம்பம்தான், வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு எடுத்துவிடலாம் என்றார் மலையாளி டாக்டர் ஷீஜா. இவரோ முகத்தைச் சுளித்தார்.

"துளையா? அதெல்லாம் சரிப்படாது டாக்டர். நல்லா அகலமாக் கீறி, கையை விட்டுத் துழாவிப் பாருங்க. மூலையிலே எதாவது கிடந்துட்டா?"

"அங்கிள், கேமராவிலே எல்லாம் நல்லா பெரிசாக் காணலாம். ஈரல்லே ஒட்டின பாகமும் பக்கத்து நெறிக்கட்டியும் சேர்த்தாக்கும் எடுக்கப் போறோம். உள்ளேயே ஒரு பையிலே போட்டுக் கெட்டி, சிந்தாம வெளியே எடுப்போம். தேவைன்னா இடையிலே கீறவும் செய்வோம், கேட்டோ."

பை என்றதும் இவர் முகம் தெளிந்தது. "அப்போ பேக்கிங் உண்டு!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "உயிர்போற காரியம், உங்களுக்குப் பேக்கிங்கா?" என்று டாக்டர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். எடுத்ததை நம் ஆள் பார்க்க வேண்டுமாம். நம் ஆள் என்றால் நான். கோழிக்கடை வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவள்!

ஆபரேஷன் முடிந்ததும் ஷீஜா கூப்பிட்டுக் காட்டினார். தட்டில் இத்தனூண்டாகக் கிடந்தது. கண்ணை மூடப் போனேன். ஆனாலும் அந்த மனுஷர் கேட்பாரே என்று, "திருப்பிக் காட்டுங்க" என்றேன். திருப்பினார். "பாழாப்போன பையே, உனக்கு இவர் வயிறுதானா கிடைச்சுது?" என்று அதை வாய்க்கு வந்தபடி வைதேன். நர்ஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினாள்.

லேப் ரிப்போர்ட் வந்த அன்று இருவரும் போனோம். வெட்டிய ஓரங்களில் எதுவுமில்லை, நெறிக்கட்டியிலும் பரவவில்லை என்றார் ஷீஜா. இவர் என் பக்கம் திரும்பினார்.

"மங்கலம், நீ பாத்தேல்லா. முழுசும் வந்தாச்சா?"

கல்யாணமான நாள்முதல் என் பேச்சை ஒரு தடவைகூடக் காதில் வாங்காத மனுஷர்.

"வந்தாச்சு. ஒரு துணுக்கு மிச்சமில்லே."

டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொண்டிருக்க, என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார்.