கைப்பிடி சுற்றாத ஒரு மணி நேரம்

"வந்துடு, வந்துடு, வந்துடு..."

கோயுகிக்கு வலது கை மரத்துப்போய்விட்டது. இடது கைக்கு மாறினாள். போனுக்குக் கரண்ட் ஏற்றும் ரேடியோப் பெட்டியின் கைப்பிடி கர்ரென்று உறுமியது. செல்போன் திரையில் வெளிச்சம் எட்டிப் பார்த்து, அடுத்த நொடியே அணைந்தது. இதோடு மூன்றாவது முறை.

"ஒரே சீரா சுத்துடி. வெறி பிடிச்ச மாதிரி சுத்தினா ஏறாது," என்றான் தைகி. அவள் வகுப்புப் பையன். காலையில் இதே ஜன்னலடியில் வந்து நின்று, "என்ன, காப்பிக்கொட்டை அரைக்கிறியா? எனக்கும் ஒரு கப்" என்று கிண்டலடித்தவன். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"முடியலடா. நீ சுத்து."

"கொடு இப்படி."

நேற்று சாயங்காலம் பூமி குலுங்கியபோது கோயுகி வீட்டில் தனியாக இருந்தாள். கதவோரம் அம்மா மாட்டியிருந்த அவசரப் பையைத் தூக்கிக்கொண்டு, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்துவிட்டாள். அம்மா துறைமுகத்தில் நண்டு அவிக்கும் கூடத்திலிருந்து வேலை முடிந்து கிளம்புகிற நேரம் அது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது.

"கோயுகி, சாப்பிட்டியா? பயப்படாத, எனக்கு ஒண்ணுமில்ல. கால்தான் மாட்டிக்கிச்சு. மேல கூரை விழுந்து கெடக்கு. நான் எங்க இருக்கேன்னா..."

அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் போனும் செத்தது.

பள்ளிக்கூடத்துக்கு வந்து விவரம் எழுதிக்கொண்ட தீயணைப்புக்காரர் நோட்டை மூடியபடி சொன்னார்: "எங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா, ஓடிப்போய்த் தோண்டிடுவோம். துறைமுகத்துலருந்து உங்க வீடு வரைக்கும் முந்நூறு வீடு விழுந்து கெடக்கு. நாங்க எட்டே பேரு."

அம்மா மறுபடி கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது இந்தப் போன் உயிரோடு இருக்க வேண்டும். வேறு வழியில்லை.

மின்சாரம் கிடையாது. விளையாட்டுக் கூடத்தில் இந்தக் கிழக்கு ஜன்னலோரம் மட்டும் சிக்னல் ஒரு கோடு காட்டும். வருஷா வருஷம் செப்டம்பரில் அம்மா அந்தப் பையைப் பிரித்து, பிஸ்கெட்டுக்கும் தண்ணீருக்கும் தேதி பார்த்து மாற்றிவைப்பாள். ரேடியோவை மட்டும் துடைத்து அப்படியே உள்ளே வைத்துவிடுவாள். ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்ததில்லை. உள்ளே இருந்த பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. சுற்றினால்தான் கரண்ட். நிறுத்தினால் சில நிமிஷத்தில் போன் கண்ணை மூடிக்கொள்ளும்.

விடிந்ததிலிருந்து சுற்றிக்கொண்டேதான் இருந்தாள். மதியம் இரண்டு மணி வரைக்கும்.

ஜன்னலுக்கு அடுத்த பாயில் ஒகிதா அக்கா, நான்கு மாதக் கைக்குழந்தையோடு. ராத்திரி முழுக்க அது வீறிட்டது. அக்கா பாய் பாயாகப் போய், "மன்னிச்சுக்குங்க, எல்லாருக்கும் தொந்தரவு" என்று தலை குனிந்துவிட்டு, குழந்தையோடு பனியில் போய் நின்றாள். இரண்டு மணிக்கு அது தூங்கியது. கைப்பிடி உறுமியதும் அதன் பிஞ்சு விரல்கள் திடுக்கிட்டு விரிந்தன.

அக்கா கைப்பிடியைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. நீ சுத்து."

இங்கே ஒருவர் பார்வையைத் தாழ்த்தி 'பரவாயில்ல' என்றால், 'போதும், நிறுத்து' என்று அர்த்தம்; அதற்கு மேல் செய்யக்கூடாது. கோயுகிக்கு அதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றியிருந்தவர்களும் அவளைப் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்க மெனக்கெட்டார்கள். அவள் கைப்பிடியை மடக்கினாள். ஒரு மணி நேரம்தானே, குழந்தை எழுந்ததும் சுற்றிக்கொள்ளலாம்.

மூன்றே காலுக்குக் குழந்தை எழுந்தது. அதிலிருந்துதான் இந்தப் போராட்டம்.

"ஏய், வந்துடுச்சு! வந்துடுச்சு!" தைகி கத்தினான்.

திரையின் வெளிச்சம் அணையாமல் நின்றது. ஒரு கோடு. போன் கையில் துடித்தது. அணைந்திருந்தபோது வந்த அழைப்புகள் என்று ஒரு குறுஞ்செய்தி.

அம்மா, 2.41. அம்மா, 2.43. அம்மா, 2.58.

கோயுகி அழைத்தாள். அந்த எண் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி அழைத்தாள். அதே குரல், அதே மரியாதை.

"டவர் பிரச்சனையா இருக்கும். இன்னொரு தடவை போடு," என்றான் தைகி. கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. "போடுடி. நான் நிறுத்தல, பாரு. நான் நிறுத்தவே மாட்டேன்."

ஒன்பதாவது முறையும் அதே குரல்தான். கோயுகி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே, சரிந்த ஓடுகள்மேல் பனி விழுந்து ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒகிதா அக்கா குழந்தையை முதுகில் கட்டியபடி வந்து மண்டியிட்டாள். தன் பங்குக்குக் கிடைத்த சோற்று உருண்டையில் பாதியைக் காகிதத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"முழுசா ஒரு மணி நேரம் தூங்கினான்மா. எல்லாம் உன்னாலதான். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

தைகியின் கை நின்றுவிட்டது.

அக்கா நெற்றி தரையில் படக் குனிந்து எழுந்தாள். கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தாள்.

"அம்மாகிட்டேருந்து ஏதாவது வந்துச்சாம்மா?"